சின்னவள் எந்தக் கடையில் வாங்கினாள்?

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. முதலில் சாட்சிகளைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் அது நடந்தபோது அங்கே இருந்தவர்கள்: நான், உங்கள் மாப்பிள்ளை, அவருடைய தம்பி, தம்பி மனைவி சின்னவள், கூடத்துச் செயலாளர், பாட்டு டீச்சர், வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் காது மந்தமான பெரியவர். கடவுளும் இருந்தார். அவரைச் சாட்சிக்கு இழுப்பது முறையல்ல என்று விட்டுவிட்டேன். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம், என் செடிகள் நீங்கலாக. அங்கே அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் மூட்டு வலியையும் அதிலேயே சேர்த்திருக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கித்தானே நாங்களும் கொழுந்தனாரும் இருக்கிறோம். அந்தச் சுவர் அப்பளம் மாதிரி. நான் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "அக்கா, வெந்நீர் குடிங்க" என்று குரல் வரும். இதில் சின்னவளைப் பற்றிப் போனில் எப்படிப் பேசுவது? நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், பத்திரிகை படித்தே எழுதப் பழகியவள் என்பது உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன தடவை மாதிரி சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். கூடத்தில் முன் மேஜை என்று ஒன்று உண்டு. அதன் மேல் ஒரே ஒரு பூச்சாடிக்குத்தான் இடம். கூடம் திறந்த நாள் முதல் அதில் இருந்தது என் வீட்டுப் பூ. காய்ச்சலில் கிடந்தபோதும் உங்கள் மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போனாலும் போய்ச் சேர்ந்தது. வீட்டிலே என் பேச்சுக்கு என்ன மதிப்பு என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. வெளியிலே எனக்கென்று இருந்தது அந்த மேஜைதான். போன ஞாயிறு அன்று செயலாளர் என் சாடியைத் தூக்கினார். தண்ணீர் மாற்றத்தான் எடுக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் அதைக் கொண்டுபோய் ஜன்னல் ஓரத்தில், நனைந்த குடைகள் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முன் மேஜையில் சின்னவள் கொண்டுவந்த சாமந்தி ஏறி உட்கார்ந்தது. பூ ஒவ்வொன்றும் கைக்குழந்தை தலை அளவு. நான் கொண்டுபோனதோ மிச்சமிருந்த ஒற்றைச் செடியில் ஒற்றைக் கண்ணால் பார்ப்பது போலப் பூத்தது.

"உங்களுக்கு நல்ல கைராசிம்மா" என்றார் செயலாளர், அவளைப் பார்த்து.

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க" என்றாள் அவள்.

"ஆமா, ஆமா, நல்ல கைராசி" என்றது யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மாப்பிள்ளை! என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்ல வாய் வராத மனிதருக்கு ஆமா ஒரு தரம் போதாமல் இரண்டு தரம் வருகிறது. பாட்டு டீச்சர் போதாக்குறைக்கு அந்தப் பூவை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, முன் மேஜைப் பூவுக்குப் பொறுப்பு யார் என்று பலகையில் பெயர் எழுதப் போகிறார்களாம். ஒரு தரம் எழுதினால் வருஷம் முழுக்க அழிக்கமாட்டார்கள்.

பொறாமை கூடாது என்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன் அண்ணா. பொய் சொல்லவில்லை. வேண்டி முடித்துக் கண்ணைத் திறந்தால் ஜன்னலில் அவள் செடி தெரிகிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது.

இத்தனைக்கும் நான் கவனிக்காமல் விட்டேனா? என் வீட்டில் எதுவும் வீணாகாது. இந்த வருஷம் காய் வேகவைத்த உப்புத் தண்ணீரைக்கூடக் கீழே கொட்டாமல் ஆறவைத்து, வடிகட்டி, செடிக்குத்தான் ஊற்றுகிறேன். சத்தெல்லாம் அதில்தானே இறங்கியிருக்கிறது. சின்னவளோ குழாயைத் திறந்து வெறும் தண்ணீரை விடுகிறாள், அதுவும் பாடிக்கொண்டே. ஆகவே குறை என் கவனிப்பில் இல்லை, விதையில்தான் இருக்கிறது என்பது எனக்கு உறுதியாயிற்று.

முதலில் வாங்கியது தள்ளுவண்டிக்காரரிடம். காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நன்றாகத்தான் முளைத்தது. நாலு இலை விட்டதும் ஓரமெல்லாம் இஸ்திரிப் பெட்டி பட்டது போலக் கருகித் தொங்கிவிட்டது. பிடுங்கி, பின்பக்கச் சுவர் மூலையில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான குப்பைக் குவியலில் வீசிவிட்டு, அவரைத் தெருவில் மறித்தேன்.

"முளைச்சுதா இல்லையாம்மா?" என்றார்.

"முளைச்சுது."

"அப்போ என் வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல வளக்கறது நீங்களா, நானா?"

"முளைக்கறதைப் பாக்கவா விதை வாங்கறாங்க? பூக்கறதுக்குத்தானே வாங்கறாங்க?"

"பூக்கறதுக்கு அதுக்கே இஷ்டம் இருக்கணும்மா" என்று சொல்லி மணியை அடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் தெரு முனை வந்ததும் மணியடிப்பதை நிறுத்திவிட்டுச் சத்தம் காட்டாமல் கடந்து போகிறார். அதனால் கீரை வாங்கவும் வழியில்லை.

அடுத்தது மளிகைக் கடையில் தொங்குகிற பாக்கெட் விதை. பாக்கெட் மேல் இருக்கிற பூவைப் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டு தோற்கும். வந்ததோ அதே கதை. அதே கருகல், அதே குப்பை மூலை. கடைக்காரரிடம் கேட்டால், "அக்கா, நான் சோப்பும் விக்கறேன். அதுல படத்துல இருக்கற பொண்ணு மாதிரி யாராவது ஆயிட்டாங்களா?" என்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக் கணக்கில் விதை என்று செலவு எழுதிவிட்டு, எதிரே வரவில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கடைசியில் மானத்தை விட்டுச் சின்னவளிடமே கேட்டேன். "எங்கடி வாங்கறே?" என்று சும்மா கேட்பது போலத்தான். அவள் தடுமாறிவிட்டாள். கையில் இருந்த துணியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு, "அந்தப் பெரிய ரோட்டுல இருக்கே, கண்ணாடி நர்சரி, அங்கதான்க்கா" என்றாள். அந்தத் தடுமாற்றத்தைக் கவனியுங்கள் அண்ணா. நல்ல கடையை யார் சுலபத்தில் காட்டிக் கொடுப்பார்கள்?

அங்கே போனேன். யாரும் பார்க்கக் கூடாதென்று வெயிலில்லாத, மழையில்லாத நாளில் குடை பிடித்துக்கொண்டு போனேன். அதனால் எல்லோருமே பார்த்தார்கள். உள்ளே ஏசி. மனிதருக்கே கிடைக்காத குளுகுளுப்பில் செடிகள் வரிசையாக நிற்கின்றன. கவுண்ட்டர் பெண் மிகுந்த மரியாதையாக, "உங்க வீட்டுல எவ்ளோ வெயில் விழும் மேடம்?" என்றாள்.

"பக்கத்து வீட்டுல விழற அளவு விழும். அவங்களுக்குக் குடுத்தீங்களே, அதே நாத்துல எனக்கும் குடுங்க."

"யாருக்கு மேடம்?"

"ஒல்லியா இருப்பா. எதுக்கெடுத்தாலும் சிரிப்பா. இங்கதான் எப்பவும் வாங்குவா."

"அப்படி யாரும் வந்த மாதிரி ஞாபகம் இல்லையே மேடம்."

எப்படி மறைக்கிறார்கள் பார்த்தீர்களா! சின்னவள் சொல்லி வைத்திருக்கிறாள் என்று அப்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் நாற்றுகளை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் தும்மும்போதெல்லாம் குடையால் நாற்றை மறைத்தேன். அவர் இறங்கும்போது, "குழந்தை நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் இரட்டைக் கவனிப்பு. உப்புத் தண்ணீரை இரண்டு வேளையும் ஊற்றினேன். இதோ, நேற்றிலிருந்து அவையும் கருக ஆரம்பித்துவிட்டன.

இதிலிருந்து நான் கண்டுபிடித்தது என்னவென்றால், எங்கே வாங்குகிறோம் என்பது மட்டும் போதாது, யார் வாங்குகிறார்கள் என்றும் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கவுண்ட்டருக்கு அடியில் நல்ல நாற்று ஒரு பெட்டி, வெளியே எங்களைப் போன்றவர்களுக்கு வேறு பெட்டி. நீங்கள் விதை ஆய்வாளராக இத்தனை வருஷம் உத்தியோகம் பார்ப்பது உடன்பிறந்தவளுக்கு ஒரு நாளாவது பயன்பட வேண்டாமா? உடனே புறப்பட்டு வந்து அந்த நர்சரியைச் சோதனை போடுங்கள். வர முடியாவிட்டால் ஆபீஸ் காகிதத்தில், முத்திரை குத்தி, "பூ நன்றாக வருவது விதை வாங்கும் இடத்தைப் பொறுத்தது; வளர்ப்பவர் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். செயலாளர் கண் முன்னால் நீட்ட வேண்டும். கையில் இல்லை, கடையில்தான் இருக்கிறது என்று ஆகிவிட்டால், அவள் வெறும் நல்ல கடைக்குப் போனவள். நான் கெட்ட கடைக்குப் போனவள். அவ்வளவுதான். கைராசி என்று ஆகிவிட்டால் என் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். கையை எந்தக் கடையில் போய் மாற்றுவது?

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நல்ல படிப்பும் நீண்ட ஆயுளும் பெற்று, யாரோடும் ஒரே சுவரில் குடியிருக்க வேண்டாத பெரிய வீடுகளோடு வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
ஜன்னல் ஓரத்துக்கு அனுப்பப்பட்ட உங்கள் தங்கை

பி.கு. அண்ணா, உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு காரியம் நடந்துவிட்டது. மேலே எழுதியதைப் படித்துவிட்டு எதுவும் செய்துவிடாதீர்கள். கருகிய நர்சரி நாற்றைக் குப்பையில் போடலாம் என்று பின்பக்கம் போனேன். மூலையில் சின்னவள் குந்தி உட்கார்ந்து, நான் போன வாரம் வீசிய மளிகைக் கடைச் செடிகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தாள்! என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி இது?"

"கோச்சுக்காதீங்கக்கா. எல்லாம் உங்க செடிதான். நான் எந்தக் கடையிலயும் வாங்கல. நீங்க தூக்கிப் போட்டதுல வேர் உயிரோட இருந்துது. மண்ணு உப்புக் கரிச்சுது. அலசிட்டு நட்டேன், அவ்ளோதான்."

"உப்புன்னு தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா நீங்க தூக்கிப் போடறதை நிறுத்திடுவீங்களேக்கா" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அந்த முன் மேஜையில எப்பவும் உங்க பூவே இருக்கும். ஒரு தரமாவது என்னோடது இருக்கணும்னு கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து எனக்கு வயித்தெரிச்சல்" என்றாள்.

வயிற்றெரிச்சல் என்பது சுவருக்கு என் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கையில் இருந்த நாற்றையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். ஆக, மேஜை மேல் ஏறியது தள்ளுவண்டிக்காரரின் விதை. அவரைப் போல நேர்மையான மனிதர் உண்டா! நாளை முனையில் நின்று கூப்பிட வேண்டும். கடை நல்லது, விதை என்னுடையது. அப்படியானால் பூவும் என்னுடையதுதானே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "செயலாளர்கிட்ட உங்க பேரையே எழுதச் சொல்லிடறேன்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது எனக்கு அதற்கும் சேர்த்துப் பொறாமையாக இருக்கிறது. அந்த மனசை அவள் எந்தக் கடையில் வாங்கினாள்?

சோதனையும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஒரு செடி, விதை வாங்கியவளுக்குச் சொந்தமா, வேரை அலசியவளுக்குச் சொந்தமா? பலகையில் இரண்டு பெயர் எழுத இடம் இருக்கிறதா என்று செயலாளரிடம் விசாரித்தேன், நெருக்கி எழுதினால் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.