செம்மஞ்சள் துவக்கை ஒப்படைப்பது சம்பந்தமாக

டூட்டிங்,
செவ்வாய்க்கிழமை.

தமிழ்ப் பள்ளி விளையாட்டுக் குழுத் தலைவரும் என் மாமாவுமாகிய திரு. பத்மநாதன் அவர்கட்கு,

மருமகன் யனுஷன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், பழுதான லிப்டுகளைத் திருத்துகிறேன், வீட்டுக்கு வருகிறேன். போன மாதம் ஒரு கட்டடத்தில் என் காதோரம் அபாய அலாரம் அலறியபோது கூட நின்றவர் ஏணியால் விழுந்துவிட்டார். நான் ஆணியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். மற்றபடி குறையில்லை. உங்கள் முழங்காலும் மாமியின் பிறஷரும் சொல்வழி கேட்டு நடக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை.

லண்டனுக்குள்ளேயே, டூட்டிங்கில் இருந்து பக்கத்து மோர்டனுக்குக் கடிதமா என்று நீங்கள் யோசிப்பீர்கள். ரெலிபோன் எடுத்தால் நீங்கள் "சாப்பிட்டீரோ?" என்று கேட்பீர்கள். நான் "ஓம் மாமா" என்பேன். உடனே "இந்தாரும், மாமி கதைக்கப் போறாவாம்" என்று போனைக் கைமாற்றிவிடுவீர்கள். உங்கள் மகள் தாரகா கண்ணை மூடிய போன ஐப்பசிக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதைத்த கதை இவ்வளவுதான். ஆகையால் எழுத்தில் தருகிறேன்.

விடயம் இதுதான். தாரகா பள்ளிக்கென்று வாங்கி, வருடா வருடம் ஓட்டங்களைத் தொடக்கிவைத்த செம்மஞ்சள் நிறத் துவக்கையும், அவவுக்குப் பிறகு நீங்கள் எனக்குத் தந்த ஸ்டார்ட்டர் பதவியையும் இத்தால் ஒப்படைக்கிறேன். செயலாளர் றஜீவ் ஆசைப்படும் கரண்ட் ஹோர்னை அடுத்த வருடம் தாராளமாக வாங்கலாம். போன சனிக்கிழமை விளையாட்டுப் போட்டியன்று நீங்கள் கார் பார்க்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்ததாகவும், தாரகா இல்லாமல் அந்தச் சத்தத்தைக் கேட்க ஏலாது என்று சொன்னதாகவும் மாமி சொன்னா. ஆகவே நடந்தது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. கேட்பதற்கும் அன்று அநேகமாக ஒன்றும் இருக்கவில்லை.

சித்திரையிலேயே றஜீவ் சொல்லிவிட்டார்: "மச்சான், இந்த வருசம் துவக்கு ஒழுங்கா வெடிச்சால் வைச்சிருப்பம். இல்லாட்டி ஹோர்ன்." தாரகா நின்ற இடத்தில் ஹோர்ன் ஊதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அப்போதே சோதிக்கத் தொடங்கினேன். அது ஓட்டம் தொடக்க மட்டும் வெடிக்கும், பாரமில்லாத சின்னக் கைத்துவக்கு. குண்டு இல்லை, சத்தமும் புகையும் மட்டும். தோட்டாவின் அடி விளிம்புக்குள்தான் மருந்து இருக்கும். ஊசி நடுவில் அல்ல, அந்த விளிம்பில் அடித்தால்தான் வெடிக்கும். தோட்டத்தில் வெடிக்க முன் அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டுமே என்று வீடு வீடாகப் போய், சனிக்கிழமை பின்னேரம் ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம் என்று அறிவித்தேன். பக்கத்து வீட்டு பியற்றிஸ் பூனையை உள்ளே பூட்டி, காது மெசினைக் கழற்றி மடியில் வைத்து, தேத்தண்ணியோடு வேலிக்கரையில் வந்து இருந்தா. நான் விசையை அமத்தினேன். டிக். அவ்வளவுதான். தன்னுடைய இங்கிலீசில் "முடிஞ்சுதா?" என்று கேட்டா. இன்னும் தொடங்கவில்லை என்று கையால் காட்டினேன். "அப்ப நான் மெசினைத் திருப்பிப் போடட்டோ, வேண்டாமோ?" அடுத்த சனிக்கிழமை அங்காலை வீட்டுக்காரரும் கதிரையோடு வந்துவிட்டார். அதற்கடுத்த சனிக்கிழமை பிஸ்கற்றும் வந்தது. ஒருநாள் சோடாப் போத்தல் திறந்த மாதிரி "புஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கே எல்லாரும் கைதட்டினார்கள். பாவம்.

லிப்டில் பழுது பிடிக்கும் முறைப்படி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். ஸ்பிரிங் மாற்றினேன். ஊசியின் முனையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். தோட்டா இருக்கும் துவாரத்தைப் பிறஷ் போட்டுக் கழுவினேன். வேலையால் வந்தவுடனே துவக்கைக் கழட்டி, துடைச்சு, எண்ணெய் விட்டு, திரும்பப் பூட்டி வைப்பன். அந்த வீட்டிலை எனக்கு வேறை என்ன வேலை மாமா. சில நாள் ரெண்டுதரம் எண்ணெய் விட்டிருக்கிறன். தாரகா தோட்டாவையெல்லாம் ஒரு ஜாம் போத்தலுக்குள்ளை, ஈரம் பிடியாமல் உப்புக்குள்ளை அரிசி போடுற மாதிரி, அரிசி போட்டு வைச்சிருந்தவ. படிச்ச எனக்கு அது விஞ்ஞானமாப் படேல்லை. துவக்கு என்ரை கைக்கு வந்த கையோடையே அரிசியைக் குருவிக்குப் போட்டிட்டு, தோட்டாக்களை என்ரை வேலைச் சாமான் ரூல் பொக்ஸிலை எண்ணெய்த் துணிக்குள்ளை வரிசையா அடுக்கினன். எவ்வளவு வடிவா இருந்தது தெரியுமோ.

போட்டியண்டு விளக்கேத்தி, இல்ல அணியளின்ரை கொடி ஏத்தி, விருந்தினர் மூண்டு பேர் பேசி முடிய மழையும் தூறத் தொடங்கிட்டுது. முதல் ஓட்டம் சின்னப் பொம்பிளைப் பிள்ளையள். "உங்கள் இடங்களில்… ஆயத்தம்…" டிக். பிள்ளையள் குனிஞ்சபடி என்னைப் பாக்குதுகள். திரும்ப டிக். அண்டைக்குத்தான் ஒண்டு விளங்கினது. லண்டனிலை இருக்கிற எங்கடை ஆக்களிலை ஒருத்தரும் ஊரிலை துவக்கைத் தொட்டதில்லை. ஆனால் அதிலை என்ன பிழையெண்டு எல்லாருக்கும் தெரியும். பீற்றர் அண்ணை கயித்தைத் தாண்டி வந்து, "தம்பி, ஸ்பிரிங் களைச்சுப்போச்சு. நான் உதுகளைத் தொட்டதில்லை, ஆக்கள் சொல்லக் கேட்டது" எண்டார். யாக்கோப்பு அண்ணை, "தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போடும், விளிம்பிலை புது இடத்திலை அடிக்கும். எனக்கு உதொண்டும் தெரியாது, கண்டீரோ" எண்டார். கலாவதி அக்கா என்ரை கையிலை இருந்து வாங்கி, குழாயுக்குள்ளாலை வானத்தைப் பாத்து, உதறி, திருப்பித் தந்தவ. "நீங்கள் எங்கையக்கா பழகினனீங்கள்?" எண்டு கேட்டன். "நான் கோயிலடியிலை பூக்கட்டினனான்" எண்டிட்டுப் போட்டா.

நாலாவது ஓட்டத்துக்குள்ளை பிள்ளையள் கெட்டிக்காரராயிட்டுதுகள். டிக் எண்டவுடனை ஓடத் தொடங்கிட்டுதுகள். நேரம் பாக்கிறவைக்குப் புகையைக் கண்டால்தானே மணிக்கூட்டை அமத்தலாம். அவை புகைக்குக் காவல் நிக்க, பிள்ளையள் ஓடி முடிச்சு ஜூஸ் கேட்டு நிக்குதுகள். முல்லை இல்லத்துப் பிள்ளையொண்டு எண்பது மீற்றரை நேரமே எடுக்காமல் ஓடியிருக்கு. பதிவிலை அப்பிடித்தான் கிடக்குது. மருதம் இல்லத்துத் தாய்மார் சண்டைக்கு வந்திட்டினம். கடைசியிலை றஜீவ் மைக்கிலை, "ஸ்டார்ட்டர் அவர்கள் தயவுசெய்து வாயால் வெடிக்கவும்" எண்டு அறிவிச்சார். நானும் துவக்கை உயத்திப் பிடிச்சு, வாயாலை "டும்" எண்டன். சனம் சிரிச்சுது. எனக்கு வெக்கமுமில்லை, கோவமுமில்லை. சிரிப்பும் வரேல்லை. அடுத்த ஓட்டத்துக்கும் "டும்" எண்டன்.

மத்தியானம் மழை பிலத்திட்டுது. மாமி தாரகாவின்ரை சிவப்பு ஸ்டார்ட்டர் ஜக்கெற்றைக் கொண்டுவந்து, "நனையாதையும், போடும்" எண்டவ. போட்டன். கை முழங்கைக்குக் கிட்டத்தான் வந்தது. வெடிக்காத தோட்டாவெல்லாம் உள்ளங்கையிலை கிடந்தது. அப்பதான் அதுகளை ஒழுங்காப் பாத்தன். எல்லாத்திலையும் விளிம்பிலை ஊசி அடிச்ச பள்ளம் நல்ல ஆழமா விழுந்திருக்கு. அப்ப துவக்கு தன்ரை வேலையைச் செய்திருக்கு. தோட்டாதான் செத்துக் கிடக்குது. மணந்து பாத்தன். எண்ணெய். நான் ஒவ்வொரு நாளும் பாத்துப் பாத்து விட்ட எண்ணெய்தான் ஊறி ஊறி மருந்தைக் கெடுத்திருக்கு. கையைத் துடைக்க ஏதும் கிடக்கோ எண்டு ஜக்கெற் பொக்கற்றுக்குள்ளை விட்டன். ரிஸ்யூக் கடுதாசியிலை சுத்தின ஒரு பொட்டலம். பிரிச்சால் நாலைஞ்சு தோட்டா. அதோடை கொஞ்சம் அரிசி.

அடுத்தது மூத்தோர் வேகநடை. பீற்றர் அண்ணையும் யாக்கோப்பு அண்ணையும் கோட்டிலை நிண்டவை. நான் அந்த ரிஸ்யூவாலை துவாரத்தைக் காயத் துடைச்சு, அவவின்ரை தோட்டா ஒண்டைப் போட்டு, "ஆயத்தம்" எண்டன்.

வெடிச்சுது மாமா.

நான் துள்ளிப்போனன். மற்றக் கையிலை இருந்த கொடி எங்கை போச்சுதெண்டு தெரியாது. போன ஐப்பசிக்குப் பிறகு நான் திடுக்கிட்டது அப்பதான். புகை கலையப் பாத்தால், எல்லாரும் நடக்கினம், பீற்றர் அண்ணை மாத்திரம் புல்லிலை முகங்குப்புறப் படுத்திருக்கிறார். யாக்கோப்பு அண்ணை நடையை நிப்பாட்டித் திரும்பி, "தொட்டதில்லை எண்டு சொன்னாய், படுக்க மட்டும் நல்லாப் பழகியிருக்கிறாய்" எண்டார். பீற்றர் அண்ணை படுத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். எனக்கும் சிரிப்பு வந்தது. நிப்பாட்ட ஏலாமல் சிரிச்சன். சிரிச்சுக்கொண்டிருக்கேக்கை மற்றதும் வந்திட்டுது. கலாவதி அக்கா வந்து துவக்கை மெல்ல வாங்கிக்கொண்டு, சனத்துக்கு என்னை மறைச்சுப் பக்கத்திலை நிண்டவ. பிறகு நான் முகத்தைத் துடைச்சுப்போட்டு மிச்சமிருந்த மூண்டு ஓட்டத்தையும் தொடக்கினன். போட்டதெல்லாம் வெடிச்சுது.

வெடித்ததென்றால் ஏன் ராஜினாமா என்று கேட்பீர்கள். அவ சுற்றிவைத்த தோட்டாவில் இனி ஒன்றுதான் மிச்சம். அதைச் சுட எனக்கு மனமில்லை. அதை மட்டும் நான் வைத்துக்கொள்ள அனுமதி தந்து, துவக்கைப் பொறுப்பெடுக்கும்படி குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மாமிக்கு என் அன்பு. முழங்காலுக்குத் தைலம் மறவாமல் பூசவும். எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்.

பணிவுள்ள மருமகன்,
யனுஷன்

பி.கு.: உறையை ஒட்டப் போக ரெலிபோன் அடிச்சது. நீங்கள்தான். இண்டைக்குச் சாப்பிட்டீரோ எண்டு கேக்கேல்லை. "தம்பி, சனிக்கிழமை வெடிச்சது அவளின்ரை துவக்குத்தானே? காருக்குள்ளையும் கேட்டுது. இறங்கி வேலியடி வரைக்கும் வந்தனான்" எண்டியள். மிச்சமாக் கிடக்கிற தோட்டாவைச் சொன்னன். "அவள் அதை வெடிக்கத்தானே வாங்கினவள், வைச்சுப் பாக்கவோ வாங்கினவள்?" எண்டியள். ஆகவே மேலே எழுதியவற்றில் உங்கள் முழங்கால் தவிர மற்ற எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். அடுத்த வருசம் முதல் ஓட்டத்துக்கு நீங்கள் "ஆயத்தம்" சொல்லுங்கோ, நான் அமத்துறன். புதுத் தோட்டாவும் வாங்குவம், அரிசிக்குள்ளை வைப்பம். பின்னாலை இருந்து மாமி, "பச்சையரிசியோ புழுங்கலோ எண்டு கேளுங்கோ, இல்லாட்டி இங்கை தாங்கோ போனை" எண்டு கத்தினது எனக்கும் கேட்டது. "பொறும் நகுலேஸ்வரி, நாங்கள் கதைச்சு முடியேல்லை" எண்டியள்.