முப்பது தாண்டினால் அக்கரை

ஒரு காட்டில் ஒரு செல்போன் கோபுரம் இருந்தது. காடு முதலில் வந்ததா, கோபுரம் முதலில் வந்ததா என்று கேட்டால் இந்தக் காலத்து விலங்குகளுக்குச் சொல்லத் தெரியாது. சுற்றுலா வருகிறவர்கள் தவறவிட்டுப் போகும் போன்களை மந்திகள் எடுத்து வந்து எல்லோருக்கும் கொடுக்கும். 'தவறவிட்டுப் போகும்' என்பது மந்திகள் சொல்லும் கணக்கு. நாம் அதைக் கிளற வேண்டாம்.

அந்தப் போன்களில் எப்படியோ ஒரே ஒரு விளையாட்டு மட்டும் பரவிவிட்டது. பேஸ்பால் லீக். இதில் யாரும் ஓட வேண்டாம், வியர்க்க வேண்டாம், விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொள்ள வேண்டாம். ஆளுக்கு ஓர் அணி. ஆட்டக்காரர்கள் எல்லோரும் போனே பெற்றுப் பெயர் வைத்த கற்பனைப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், வயது, கைவலு, கண்பார்வை. அவ்வளவுதான். அணியைச் சேர்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் போன் தானே ஆடும், தானே ஜெயிக்கும், தானே தோற்கும். அமாவாசைக்கு அமாவாசை ஒரு பருவம் முடியும். பருவம் முடிந்தால் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வயது கூடும்.

அந்தக் காட்டில் ஒருவரும் பேஸ்பாலைக் கண்ணால் கண்டதில்லை. மட்டை தட்டையா உருண்டையா என்று இரண்டு காட்டெருமைகள் சண்டை போட்டு, இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

இந்த லீக்கில் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தது ஏகாம்பரம் என்ற தேவாங்கு. தேவாங்குக்கு முகத்தில் பாதி கண். இமைக்காமல் திரையைப் பார்ப்பதற்கென்றே படைத்தவன் அளவெடுத்து வைத்த கண். கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்ற நாவல் மரத்தில், சிக்னல் முழுசாகக் கிடைக்கும் ஒரு கவட்டையில் அவன் குடியிருந்தான். மனைவி காந்தாமணியைவிட அந்தக் கவட்டையின்மேல் அவனுக்குப் பிரியம் அதிகம். இது காந்தாமணிக்கும் தெரியும்.

மற்றவர்கள் ஜெயித்தால் ஆட்டக்காரனைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஏகாம்பரம் தூக்கியதும் விற்றுவிடுவான். அவனிடம் இரண்டே விதிகள் இருந்தன. ஆட்டக்காரனுக்கு முப்பது வயது ஆனால் விற்றுவிடு. ஊர் அவனுக்குக் கைதட்டினால், முப்பது ஆகாவிட்டாலும் விற்றுவிடு. விற்ற கையோடு, இன்னும் பெயர்கூட வைக்காத பொடியன்களை வாங்கிப் போடுவான். அவர்கள் வளர்ந்து ஜெயிக்கும்போது அவர்களையும் விற்பான்.

ஒரு பருவத்தின் கடைசி ஆட்டத்தில் டாமி வால்டேஸ் என்ற பந்துவீச்சாளன் எதிரணியை மண்ணைக் கவ்வ வைத்தான். பெயரைக் கேட்டு, இவன் எங்கள் சாதிசனம்தான் என்று செந்நாய்க் கூட்டம் ஊளையிட்டுக் கொண்டாடியது. ஊளை அடங்குவதற்குள் ஏகாம்பரம் டாமியை விற்றுவிட்டான்.

காந்தாமணி மூக்கைச் சிந்தினாள். "ஏங்க, அந்தப் புள்ள இன்னும் வேர்வையே தொடைக்கலியே. உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?"

"டாமிக்கு வேர்க்காது காந்தா. அவன் ஒரு நம்பரு."

"நம்பரா இருந்தா என்ன, நம்ம வீட்டுல வளந்த நம்பரு இல்ல?"

டாமியை வாங்கியது பொன்னுரங்கம். ஏகாம்பரம் விற்ற அத்தனை பேரையும் வாங்கியது அவர்தான். பொன்னுரங்கம் ஒரு கரடி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்கு அவர்தான் தலைவர். அங்கே கோபுரம் கிடையாது. ஆகவே தினமும் ஆற்றைக் கடந்து வந்து, கோபுரத்தடியில் எல்லோரும் கூடும் சிக்னல் பாறைக்குக் கீழே வரிசையில் நிற்பார். அவருடைய அணியின் பெயர் தேன்கூடு லெவன். ஒன்பது பேர் ஆடும் ஆட்டத்துக்கு ஏன் லெவன் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை பேர் ஆட வேண்டும் என்றே யாருக்கும் தெரியாது.

"எதுக்கண்ணே இந்தக் கெழடுகளை வாங்கித் தொலைக்கிறீங்க?" என்று ஏகாம்பரமே ஒருமுறை மனசு கேட்காமல் கேட்டுவிட்டான்.

"பாவம் தம்பி. இத்தனை காலம் ஆடினவன். தெருவுல விட முடியுமா?" என்றார் பொன்னுரங்கம். அவருடைய அணி எப்போதும் கடைசி. காடே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

இப்படிப் பருவங்கள் போகப் போக, ஏகாம்பரத்தின் புகழ் சிங்கராஜாவின் குகைவரை எட்டியது. ராஜாவும் ஓர் அணி வைத்திருந்தார். ராஜா என்பதால் யாரும் அவரைத் தோற்கடிக்கத் துணியவில்லை. போனுக்கு மட்டும் அந்த மரியாதை தெரியவில்லை. ஆறு பருவம் தொடர்ந்து தோற்றபின் ராஜா ஏகாம்பரத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏகாம்பரம், போனுக்குள்ள இவ்வளவு பண்றீரே. இந்தக் காட்டையே ஒரு அணியா நினைச்சு நடத்தினா என்ன?"

"பேஷா நடத்தலாம் மகாராஜா. ஆனா விதி ரெண்டு. நடுவுல அழக் கூடாது."

"நான் எதுக்கய்யா அழறேன்?" என்று ராஜா அன்றைக்கே அவனை அமைச்சராக்கினார்.

ஏற்கெனவே அமைச்சராக இருந்த தர்மலிங்கம் என்ற யானை அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அதற்கு வயது ஐம்பத்தெட்டு. முதல் வியாபாரம் அதுதான். தர்மலிங்கத்தைப் பொன்னுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு வாலிபக் காட்டெருமையை வாங்கினான் ஏகாம்பரம். "பாவம்" என்று சொல்லி, பொன்னுரங்கம் தும்பிக்கையைப் பிடித்து ஆற்றில் இறக்கிக் கூட்டிப்போனார்.

அடுத்து காவல் ஆந்தை போனது. குளம்பு தேய்ந்த மான்கள் போயின. முயல்கள் மட்டும் கவலையில்லாமல் திரிந்தன. முப்பது வயதுவரை போனவர் அவர்கள் குலத்தில் ஒருவரும் இல்லை. ஆமைகளோ, விதியைக் கேள்விப்பட்ட அன்றே, யாரும் விற்பதற்குமுன் மானத்தோடு போய்விடுவோம் என்று மொத்தமாகக் கிளம்பின. பாதி பேர் இன்னும் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்வி.

பிறகு ஏகாம்பரம் காந்தாமணியின் அப்பாவை விற்றான்.

"எங்கப்பாவுக்கு முப்பது ஆகலியே!" என்று கத்தினாள் காந்தாமணி.

"ஆகலதான். பாத்தா ஆன மாதிரி இருக்காரே."

"அதுக்குப் பதிலா என்னத்த வாங்கினீங்க?"

"மூணு முயல்குட்டி."

"எங்க அது?"

"இனிமேதான் பொறக்கும்."

அன்றிலிருந்து காந்தாமணி தன் பிறந்தநாள் எது என்பதை அவனிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

இந்த இடத்தில், கதை கேட்கிற நீங்கள் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். கடும் கோடை வரும், தண்ணீர் எங்கே இருக்கிறதென்று கிழட்டு யானைக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும், காடே தவித்துப் புத்தி தெளியும் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த வருஷம் நல்ல மழை. குளம் குட்டையெல்லாம் நிரம்பி வழிந்தது. இளசுகள் துள்ளி ஓடின. காட்டின் வேகம் கூடியது. காவலுக்கு வந்த இளம் ஆந்தைகள் தூங்கவே இல்லை. எனக்கே எரிச்சலாகத்தான் இருந்தது, என்ன செய்வது.

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். ஏகாம்பரத்துக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தார். சிக்னல் பாறையைச் சுற்றிக் காட்டுமல்லிகைத் தோரணம். மந்திகள் கூச்சலிட்டன. ஏகாம்பரத்துக்கு மாலை போட்டார்கள். மாலை அவனைவிடப் பெரிதாக இருந்ததால் அவனை மாலைக்குள் வைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கைதட்டல் நிற்கவில்லை. பூவுக்குள்ளிருந்து ஏகாம்பரம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். முதலில் உடம்பு சிலிர்த்தது. கொஞ்ச நேரத்தில் தன் இரண்டாவது விதி ஞாபகம் வந்தது.

ராஜா அவன் பக்கமாகக் குனிந்தார். "ஏகாம்பரம், இன்னைக்கு உம்ம மதிப்பு எப்படி?"

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. மதிப்புக் கணக்கில் அவன் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. "உச்சத்துல இருக்கு மகாராஜா."

"நாளைக்கு?"

"இறங்கத்தான் செய்யும்."

"அதான் நானும் நினைச்சேன்," என்றார் ராஜா. "பொன்னுரங்கத்துக்கிட்ட பேசி முடிச்சாச்சு."

ஏகாம்பரத்துக்கு நாவல் மரக் கவட்டை கண்முன் வந்து நின்றது. "பதிலுக்கு யாரு மகாராஜா?"

"ஒரு தேவாங்கு. நல்ல வம்சம். இன்னும் பொறக்கல."

ஏகாம்பரம் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்தான். நல்ல வியாபாரம். அவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். அதுதான் அவனுக்கு ரொம்ப வலித்தது.

"நடுவுல அழக் கூடாது," என்று ராஜா ஞாபகப்படுத்தினார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். காந்தாமணி ஏற்கெனவே மூட்டை கட்டி வைத்திருந்தாள். "எங்கப்பாவப் பாக்கப் போறேன். நீங்களும் வர்றதுன்னா வாங்க," என்று முன்னால் இறங்கி நடந்தாள். ஏகாம்பரம் கவட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே அவள் பின்னால் போனான். ஆற்றங்கரையில் சில ஆமைகள் அவனைப் பார்த்தன. தேவாங்கு நடையும் ஆமை நடையும் ஏறக்குறைய ஒன்று என்பதால், வெகுதூரம் அவை பக்கத்திலேயே வந்தன.

அக்கரையில் ஒரு பெரிய மருத மரத்தடியில் எல்லோரும் இருந்தார்கள். யானை தர்மலிங்கம் காதை ஆட்டி மான்களுக்கு ஈ விரட்டிக்கொண்டிருந்தது. ஆந்தை பட்டப்பகலில் குறட்டை விட்டது. காந்தாமணியின் அப்பா மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, மருமகனைப் பார்த்துச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கு இடம் விடத்தான் அவர் நகர்ந்தார்.

பொன்னுரங்கம் ஒரு முழுத் தேனடையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "சாப்பிடு தம்பி. அலைஞ்சு வந்திருக்கே."

"அண்ணே, என்னைய எதுக்கு வாங்கினீங்க? நான்தான் ஊர்ல எல்லாரையும் வித்தவன்."

"பாவம், இத்தனை காலம் ஆடினவன். தெருவுல விட முடியுமா?"

ஏகாம்பரத்துக்கு அந்தப் பெரிய கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் வெட்கப்பட்டான். "அண்ணே, டாமி இருக்கானா?"

"இருக்கானே. நாப்பத்தஞ்சு ஆயிருச்சு. போன பருவம் ஒரு பந்துகூட நேரா போடல. ஆனா ஒரு ஆட்டம் விடாம வந்துடுவான்." பொன்னுரங்கம் போனைத் திறந்து, சிக்னல் பாறையில் கடைசியாக எடுத்துவந்த பட்டியலைக் காட்டினார். கடைசி இடத்தில் தேன்கூடு லெவன் நின்றது. அதில் டாமி வால்டேஸ். கைவலு பூஜ்யம்.

"இங்க யாரையும் விக்கிறதில்ல தம்பி," என்றார் பொன்னுரங்கம். "வந்தவங்க வந்தவங்கதான்."

ஏகாம்பரம் டாமியின் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். காந்தாமணி அதைப் பார்த்துவிட்டு, இத்தனை நாளுக்குப் பிறகு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இப்பவாச்சும் புரிஞ்சுதா?" என்றாள். "புரிஞ்சுது காந்தா," என்றான் ஏகாம்பரம். மனசாரத்தான் சொன்னான். தேனும் வயிற்றில் இறங்கி, உடம்புக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

தெம்பு வந்ததும் அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். எல்லோரும் பொன்னுரங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பாசம். ஒரு மான் அவருடைய காலடியில் தலைவைத்துப் படுத்திருந்தது. தர்மலிங்கம் திடீரென்று உணர்ச்சிவசப்பட்டு, "நம்ம தலைவருக்கு எல்லாரும் ஒருவாட்டி கைதட்டுங்கப்பா!" என்றது. மரத்தடி முழுக்கக் கைதட்டல் எழுந்தது. ஆந்தைகூட விழித்து இறக்கையைத் தட்டியது.

ஏகாம்பரம் தேனடையைக் கீழே வைத்தான். பழைய காட்டில் அமைச்சர் வேலை காலியாக இருப்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. நாவல் மரத்துக் கவட்டையும் காலியாகத்தான் இருக்கும்.

"அண்ணே," என்றான் மெதுவாக, வாயைத் துடைத்துக்கொண்டு. "உங்களுக்கு இப்ப என்ன வயசு ஆகுது?"

பொன்னுரங்கம் பூரித்துப்போனார். இதுவரை அவரைப் பற்றி யாருமே ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. "எனக்கா தம்பி? இந்த ஆவணி வந்தா இருபத்தொம்பது முடிஞ்சு முப்பது பொறக்குது!" என்றார்.

காந்தாமணி எழுந்து போய், அவிழ்த்துப் போட்ட மூட்டையை மறுபடி கட்டத் தொடங்கினாள்.

நீதி: நம்மை வாழவைத்தவரை ஒருநாளும் மறக்கக் கூடாது, அவர் பிறந்தநாளையும்தான்.