பதினொரு மணிக்கு ஆடும் தண்ணீர்

காலை பதினொரு மணி அடித்தால் புதுவயலில் தண்ணீர் ஆடும். புதுவயலில் மட்டுமா? கண்டனூர், தேவகோட்டை, கடல் தாண்டிச் சிங்கப்பூர் என்று போன் இருக்கிற இடமெல்லாம் ஆடும். எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு முட்ட ஊற்றிய தண்ணீர், யாரும் தொடாமல், ஊதாமல், தானாக நடுங்கும். நடுக்கத்தைக் கண்ட குடும்பங்கள் முழங்காலில் விழும். அவர்கள் எழுந்திருப்பதற்குள் காணிக்கை போன் வழியாகவே கிங்ஸ்டன் ஐயாவின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கொரோனா ஊரடங்குக் காலம் அது. கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் எல்லாவற்றுக்கும் பூட்டு. பங்குச் சாமியார் வாட்ஸப்பில் குரல் அனுப்பினார்: "வீட்டிலேயே செபமாலை சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்." என்ன சாமியாரோ! செபமும் வேண்டுமாம், ஆஸ்பத்திரியும் வேண்டுமாம். இதில் அதிசயம் எங்கே இருக்கிறது? சனங்கள் பாதி கேட்டுவிட்டு அழித்தார்கள்.

அதிசயம் கிங்ஸ்டன் ஐயாவிடம் இருந்தது. ஊரடங்குக்கு முன்னால் போதகர் என்று அவர் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தினமும் ஜூமில் வந்தார். முந்நூறு குடும்பங்கள் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் உட்கார்ந்து, வாய் திறந்து கேட்டன.

"பிள்ளைகளே, பெதஸ்தா குளத்துத் தண்ணீரைத் தேவதூதன் கலக்கினான். இன்று உங்கள் வீட்டு டம்ளரைக் கலக்கப்போகிறான்! டம்ளரைத் தாம்பாளத்தில் வையுங்கள். போனை அந்த டம்ளர் மேலேயே சாயுங்கள். சத்தத்தை முழுசாகக் கூட்டுங்கள். பரலோகத்தின் சத்தத்தைக் குறைக்காதீர்கள்!"

அவருக்குப் பின்னால் திம் திம் என்று மேளம் அதிரும். தண்ணீரில் வளையம் வளையமாக நடுக்கம் எழும்.

"அசைகிறதா? அசைந்த வீட்டில் வியாதி இல்லை! இனி மாத்திரையைத் தொடுகிறவன் விசுவாசத்தைத் தொலைத்தவன்!"

தேவதூதனுக்குக் கூட போனை எப்படிச் சாய்க்க வேண்டும், சத்தத்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று விதிமுறை இருக்கிறதே என்று அந்த முந்நூறு குடும்பத்தில் ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம் வந்துவிட்டால் நம் எல்லாருக்கும் முதலில் அடைபடுவது கேள்விதான், கண்ணுகளா.

அந்த முந்நூறில் ஒன்று அருளானந்துவின் வீடு. புதுவயலில் நெல் அவிக்கிற பாய்லரில் வேலை. வடக்கத்தி ஆட்கள் ஊருக்குப் போய்விட்டதால் அவன் தெருவில் இருந்த அந்த அரிசி மில் இரண்டரை மாதமாக நின்று கிடந்தது. மனைவி ஞானப்பூ, பத்தாவது படிக்கிற மகள், அப்புறம் அவன் அக்காள் செசிலி. ஈஸ்டருக்கு முன்னால் நாலு நாள் தங்கிப்போக வந்த செசிலி, பஸ் நின்றதால் இங்கேயே தங்கிவிட்டாள். வந்தவள் வீட்டில் இருந்த ஒரே பெரிய போனையும் ஐயாவுக்கு எழுதி வைத்துவிட்டாள். மகளுக்கு அதே பதினொரு மணிக்குக் கணக்கு வகுப்பு. கணக்கா, கர்த்தரா? ஒன்றரை மாதமாகப் பிள்ளைக்குக் கணக்கு இல்லை.

அருளானந்துவுக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள். முதல் நாளே டம்ளர் ஆடியது. அதனால் காய்ச்சல் போய்விட்டதாக அறிவிக்கப்பட்டது. காய்ச்சலுக்கு அந்தத் தகவல் சேரவில்லை. மூன்றாம் நாள் இருமல். நான்காம் நாள் கட்டிலிலிருந்து அடுப்படி வரை நடக்கவே மூச்சு வாங்கியது. ஆனால் ஐயாவின் குழுவில் ஒரு படம் வந்துவிட்டதே: "மருந்தில்லாமல் கொரோனாவை வென்ற சகோதரர் அருளானந்து! வியாழன் அன்று நேரடிச் சாட்சி!" பாய்லர்க்காரன் படம் அதற்கு முன் ரேஷன் கார்டில் மட்டும்தான் வந்திருந்தது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த நர்ஸ் பெண் அவன் விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினாள். எண்ணைப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

"எண்பத்தொன்பதுங்க. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழயே போகக் கூடாது. இப்பவே கூட்டிட்டுப் போகணும்க்கா."

ஞானப்பூ அப்போதே 108க்குச் சொன்னாள். ஏகப்பட்ட அழைப்பு இருக்கிறது, பதினொன்றுக்கு மேல் ஆகும் என்றார்கள்.

"வண்டி வந்தாலும் நான் ஏற மாட்டேன்" என்றான் அருளானந்து, நடு வாக்கியத்தில் மூச்சை நிறுத்தி எடுத்து. "சாட்சி சொல்லணும். சொல்லிட்டு... நாளைக்குப் போவோம்."

"நாளைக்கு நீங்க இருக்கணும்ல?" என்றாள் ஞானப்பூ.

"ஏத்தா, நாக்க அடக்கு!" செசிலி பாய்ந்தாள். "சொகமாயிட்டான்னு தண்ணியே சொல்லிருச்சு. நீ என்னமோ அந்தப் புள்ள மாட்டுன கிளிப்ப நம்புற!"

ஒன்பதரை மணி இருக்கும். அடுப்படி மேடையில் யாரோ குடித்துவிட்டு வைத்த அரை டம்ளர் தண்ணீர் திடீரென்று நடுங்கியது. அலமாரிப் பாத்திரமெல்லாம் கிணிகிணி என்றது. போன் இல்லை. ஐயா இல்லை. மணி பதினொன்றும் ஆகவில்லை.

"ஸ்தோத்திரம்! தம்பி, முன்கூட்டியே எறங்கிட்டாருடா!" செசிலி அடுப்படியிலேயே முழங்காலிட்டுக் கைகளைத் தூக்கினாள். கண்ணில் மாலை மாலையாகத் தண்ணீர்.

வாசலில் குரல் கேட்டது. மில்லின் மோட்டார் மெக்கானிக் வீரணன், முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டு நின்றான்.

"தங்கச்சி, அருளானந்து எப்பிடி இருக்கான்? மில்லு தொறக்கப் போறாக. இப்பத்தான் மோட்டார ஓட்டிப் பாத்தோம். சத்தம் கேட்டுச்சா?"

செசிலியின் கைகள் மேலே தூக்கியபடியே நின்றன. இறக்குவதா வேண்டாமா என்று அவற்றுக்கே தெரியவில்லை.

ஞானப்பூ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினேழு வருசம் மில் ஓடியது. பதினேழு வருசமும் தண்ணீர் ஆடியது. குடத்தில் ஆடியது, குழம்புச் சட்டியில் ஆடியது, பிள்ளை குளிக்கிற வாளியில் ஆடியது. ஒருவரும் அல்லேலூயா சொன்னதில்லை. இரண்டரை மாதம் மில் நின்றது. ஆடின தண்ணீரையே மறந்துபோனார்கள். மறந்த பிறகு ஒருவன் அதே ஆட்டத்தைப் போனில் கொண்டுவந்து காட்டியதும், தரையில் விழுந்து கும்பிட்டார்கள். இப்படி ஏமாற, மில்லுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த சனத்தால்தான் முடியும்.

அவள் புருசனின் போனை எடுத்தாள். கட்டிலருகே தாம்பாளம், டம்ளர், விளிம்பு முட்டத் தண்ணீர், எல்லாம் ஐயா சொன்னபடி. போனை டம்ளரில் சாய்த்து, சத்தத்தைக் கூட்டி, தன் பட்டன் போனுக்கு அடித்தாள். அந்த நாளில் யாருக்குப் போன் போட்டாலும் மணியடிப்பதற்கு முன்னால் ஒருவர் இருமுவாரே, நினைவிருக்கிறதா? அவர்தான் வந்தார்.

"லொக்! லொக்! கொரோனா வைரஸ் பரவலைத் தடுக்க..."

தண்ணீர் நடுநடுங்கியது.

"மதினி, இப்ப எறங்குனது யாரு? இருமுற ஆளா?"

ஞானப்பூ போனைத் தூக்கி ஒரு முழம் தள்ளிக் கட்டிலில் வைத்து மறுபடி அடித்தாள். அதே இருமல், அதே சத்தம். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

"கர்த்தரச் சோதிக்கிறியாடி? பாவம்டி!"

"கர்த்தர ஆரு சோதிச்சா? நான் டம்ளரத்தான் சோதிக்கிறேன்."

அருளானந்து கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தான். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

"மில்லு ஆட்டுறது வேற... ஐயா ஆட்டுறது வேற" என்றான். "அவர்ட்டயே... கேளு. அவரு சொல்லட்டும்."

"அவரு சொன்னா வண்டியில ஏறுவீகளா?"

"ஏறுறேன்."

பதினொரு மணி. முந்நூறு கட்டம். மேளம் அதிர்ந்தது. ஐயா முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"புதுவயல் சகோதரர் அருளானந்து! மைக்கைத் திறவுங்கள்! சாட்சி சொல்லுங்கள்!"

மைக் திறந்தது. பேசியது ஞானப்பூ.

"ஸ்தோத்திரம் ஐயா. சாட்சிக்கு முந்தி ஒரு சந்தேகம். போன டம்ளர்ல சாய்க்காம, ஒரு முழம் தள்ளி வச்சா தூதர் வருவாரா?"

ஐயாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் பக்கவாட்டில் போய்வந்தது. "சகோதரி, விசுவாசத்தோடு சாய்த்தால்..."

"பரலோகத்துல இருந்து வாரவுகளுக்கு ஒரு முழம் தூரமா ஐயா? இந்தா, நான் தள்ளி வச்சுட்டேன். எல்லாரும் ஒருக்கத் தள்ளி வச்சுப் பாருங்கம்மா. செபம் பண்ணிக்கிட்டேதான். யாரும் விசுவாசத்த விட வேணாம்."

"தள்ளாதே!" ஐயா அலறினார். "தள்ளுகிறவன் மேல் சாபம்! போனைத் தொடாதே!"

சத்தியத்தைச் சொல்கிறவன் ஒரு டம்ளருக்கு இவ்வளவு பயப்படுவானா? அந்த அலறல்தான் சனங்களின் கையைப் போன் மேல் போக வைத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் படம் ஆடியது, சாய்ந்தது, தள்ளிப்போய் நின்றது. மேளம் திம் திம் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவராக மைக்கைத் திறந்தார்கள்.

"தேவகோட்டையில ஆடல ஐயா."

"சிங்கப்பூர்லயும் ஆடலங்க பிரதர்."

"எங்க வீட்ல மறுபடி சாய்ச்சா ஆடுது, எடுத்தா நிக்குது. இது என்னா கூத்து?"

ஐயா தம் மைக் திறந்திருப்பதை மறந்தார். தலையைத் திருப்பிப் பின்னால் கத்தினார்:

"டேய், என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? மேளத்துக்குப் பேஸ ஏத்துடா!"

முந்நூறு வீட்டுக்கும் அது கேட்டது. அப்புறம் படம் இருண்டது. கூட்டம் முடிக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது.

வண்டி வந்ததா என்று பார்க்க மறுபடி வந்து, வாசலில் நின்று கேட்ட வீரணன் தொடையில் தட்டினான். "அட, இந்தக் குரலு! நம்ம மைக்செட் கிங்ஸ்டன்! கல்யாண வீடெல்லாம் நின்னுபோச்சுன்னு பாக்ஸத் தூக்கிக்கிட்டு இங்குட்டு வந்துட்டானா?"

பதினொன்று இருபதுக்கு 108 வந்தது. அருளானந்து ஒரு வார்த்தை பேசாமல் ஏறினான். பேச மூச்சும் இல்லை. செசிலி ஒரு பக்கம் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். பதின்மூன்று நாள் ஆக்சிஜன், ஊசி, பெயர் தெரியாத நர்ஸ்களின் ராக் கண்விழிப்பு. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். பதினான்காம் நாள் மெலிந்து, தாடியோடு வீடு வந்தான். மகள் வாசலில் வைத்து ஒரு படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாள்.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அவன் வீடு வந்த மூன்றாம் வாரம் வேறு பெயரில் ஒரு சேனல் வந்தது. கோட்டு இப்போது நீலம். டம்ளர் போய் உப்புப் பொட்டலம் வந்திருந்தது. முதல் படமே, குழு குழுவாகச் சுற்றிப்போன அருளானந்துவின் வாசல் படம்: "ஐயாவின் ஜெபத்தால் மரணத்தை வென்ற புதுவயல் சகோதரர்!" கீழே இரண்டாயிரம் ஆமென்.

அருளானந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் கீழே எழுதினான்: "படத்துல இருக்குறது நான்தான். இவரு பேச்சக் கேட்டுச் சாகப் பாத்தேன். பொழைக்க வச்சது ஆஸ்பத்திரி. இந்த ஆளு ஏமாத்துக்காரன். நம்பாதீங்க."

ஒரு மணி நேரம் கழித்து, பதில் வந்திருக்கிறதா என்று பார்த்தான். அவன் எழுதியதற்கு அடியிலேயே நாற்பத்தாறு பேர் எழுதியிருந்தார்கள்.

"ஆமென்."

"ஆமென் பிரதர்."

"ஆமென், ஆமென்."

கும்பிடுங்கள் கண்ணுகளா, வேண்டாம் என்று யார் சொன்னது? கும்பிடுவதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிட்டாவது கும்பிடுங்கள்.