கிணற்றில் இறங்காத டியூப் பாய்

பாலக்கோடு பக்கம் நீந்தத் தெரிந்தவர்களில் மீன்களைத் தவிர மற்ற அத்தனை பேருக்கும் கற்றுக்கொடுத்தவர் டியூப் பாய்தான். டிராக்டர் டயருக்குப் பஞ்சர் ஒட்டுவது அவர் தொழில். கோடை வந்துவிட்டால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஊதிய டியூப்களைத் தோளில் மாட்டிக்கொண்டு கிணறு கிணறாகக் கிளம்பிவிடுவார்.

போன மே மாதம் என் மச்சானின் தக்காளித் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். என் மகள் தர்ஷினிக்குப் பதினான்கு வயது, அண்ணன் மகன் பிரணவுக்குப் பதினைந்து. தோட்டத்தில் போன் சிக்னல் கிடையாது. பிள்ளைகள் மாட்டைப் பார்த்தார்கள். மாடும் அவர்களைப் பார்த்தது. இரு தரப்புக்கும் சீக்கிரமே அலுத்துவிட்டது. "எப்பப்பா சென்னைக்குப் போறோம்?" என்று தர்ஷினி கேட்ட குரலில் அவள் அம்மாவே நடுங்கிப்போனாள்.

"விடுங்க மாமா, டியூப் பாயை வரச் சொல்றேன்" என்றான் மச்சான்.

நான் போய்த் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினேன். அது பாறையை வெட்டி இறக்கிய கிணறு. தண்ணீர் கறுப்பாகக் கிடக்கும். கல்லைப் போட்டுவிட்டு ஒரு காபி குடித்து வந்தால்தான் சத்தம் கேட்கும்.

பாய் வந்ததும் என் பயம் இரட்டிப்பானது. காரணம், அவர் என்னைவிட அதிகமாகப் பயந்தார். ஒவ்வொரு டியூபையும் காதில் வைத்துக் காற்றுக் கசிகிறதா என்று கேட்டார். பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டி வேப்பமரத்தில் முடிந்தார். மரத்தைக் குலுக்கிப் பார்த்தார். திருப்தியில்லை. இன்னொரு கயிற்றை டிராக்டரில் கட்டினார். பிறகு டிராக்டர் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்தார்.

"பாய், இவ்ளோ கயிறு எதுக்கு?" என்றான் பிரணவ்.

"தண்ணி யாரு வூட்டுப் புள்ளைன்னு பாக்காது கண்ணு. முடிச்சை இறுக்கு."

மேட்டில் நின்றபடியேதான் பாடம். "காலை உதை! கையை வீசு! வாயை மூடு, தண்ணி போவும்!" அவர் கத்திய கத்தலில் அக்கம்பக்கத்து வயல் கொக்குகள் கிருஷ்ணகிரிக்கே குடிபோயிருக்கும். பிள்ளைகளுக்கோ ஒரே கொண்டாட்டம். போனைப் பற்றிய பேச்சே நின்றுபோனது. கொஞ்சம் மிதக்கப் பழகியதும் கெஞ்சிக் கூத்தாடிக் கயிற்றையும் அவிழ்க்க வைத்துவிட்டார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில், தர்ஷினியின் டியூப் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அவளைக் காணவில்லை.

"பாப்பா!" என்றார் பாய். பதில் இல்லை. "ஏய், பாப்பா!"

நான் சுதாரிப்பதற்குள் பக்கத்தில் தொபீரென்று ஒரு சத்தம். பாய் செருப்போடு குதித்துவிட்டார்.

அடுத்த நொடி டியூபின் நடுவிலிருந்து தர்ஷினியின் தலை எழும்பியது. மூச்சடக்கி ஒளிந்திருக்கிறாள். "ஏமாந்தீங்களா!" என்று சிரித்தவள் சுற்றிலும் பார்த்தாள். பாய் மேலே வரவில்லை. ஒரு கை வெளியே வந்தது, போய்விட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மச்சான், "ஐயோ மாமா, பாய்க்கு நீச்சல் தெரியாதுங்க!" என்று அலறினான்.

கிணற்றுப் படியில் நின்றிருந்த பிரணவ் டியூபைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். தர்ஷினி பாயின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். "காலை உதைங்க பாய்! வாயை மூடுங்க!" என்று அவள் போட்ட கூச்சல் கிணறு முழுக்க எதிரொலித்தது. இருவருமாக அவரைப் படிக்கு இழுத்துவந்தார்கள். நாங்கள் தூக்கி மேலே கிடத்தினோம். இருமி இருமித் தண்ணீரைக் கக்கியவர், கண்ணைத் திறந்ததும் கேட்டார்: "பாப்பா கெடச்சுதா?"

தர்ஷினி உடைந்து அழுதாள். "சாரி பாய், சும்மா விளையாட்டுக்குத்தான்..."

"நீ மேல வந்துட்டல்ல, அது போதும்."

"நீச்சல் தெரியாமலா பாய் ஊருக்கே சொல்லிக்குடுத்தீங்க?" என்றேன்.

"எனக்குத் தண்ணின்னாலே நடுக்கமுங்க. இந்தப் பயம் புள்ளைங்களுக்கும் வந்துறக் கூடாதுல்லீங்க?"

மறுநாள் தர்ஷினி தன் மாமாவோடு பைக்கில் பஞ்சர் கடைக்கே போய் அவரை இழுத்துவந்தாள். அவர் இடுப்பில் கயிறு கட்டினாள். ஒவ்வொரு படியாக இறக்கினாள். முழங்கால் நனைவதற்குள் மனிதருக்கு உடம்பெல்லாம் ஆடியது.

"பயப்படாதீங்க பாய், பிடிச்சிட்டிருக்கேன்."

"வுட்டுறாத கண்ணு."

மேட்டில் நின்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். அன்று நான் வேண்டியது என் மகளுக்காக அல்ல.