ஒண்ணுமில்ல அண்ணன் நின்ற நாள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். உலகில் ஓடியவர் பலர். தாம் ஒருவர் ஓடி, ஒரு மலையையே தம்மோடு ஓடவைத்தவர் எவரையேனும் நீங்கள் கண்டதுண்டா? வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் கண்டோம். பெற்றோர் இட்ட பெயர் அவருக்கே மறந்திருக்கக்கூடும். எங்களுக்கு அவர் ஒண்ணுமில்ல அண்ணன்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. வாழ்வின் இலட்சியம் ஒன்றே: கொழும்பில் நடக்கும் மரதன் ஓட்டத்தை முழுதாக ஓடி முடிப்பது. முதல்முறை போனபோது பாதிவழியில் தண்ணீர் குடிக்க நின்றார். நின்ற கால்கள் அப்படியே பிடித்துக்கொண்டன. மிச்ச தூரத்தை அம்புலன்ஸில் கடந்தார். அன்று பிறந்தது அவருடைய கொள்கை: ஓடத் தொடங்கினால் எவருக்காகவும் நிற்பதில்லை.

கொள்கையை முழங்குவோரை மேடைகளில் நிறையவே சந்தித்திருக்கிறேன். கடைப்பிடித்தவராக இவர் ஒருவரைத்தான் சந்தித்தேன். சந்தியில் தேநீர்க் கடை நடத்தும் முஸ்லிம் அண்ணன், எங்கள் நானா, நீட்டும் கிளாஸை ஓடியபடியே வாங்குவார். வெறும் கிளாஸ் அவர் திரும்பி வருகையில்தான் கடை சேரும். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒரு மரணம் நிகழ்ந்தபோது, வாசலில் இருந்த இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கியவண்ணம், கண்ணீர் மல்கத் துக்கம் விசாரித்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை மறந்து அவர் கால்களையே பார்த்தார்கள்.

ஆனால் தேயிலை மலையில் ஓடுவது சாதாரணக் காரியமன்று. அங்கே ஒருவர் ஓடினால் குளவி கலைந்துவிட்டது என்று பொருள். ஏனென்று எவரும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நிற்பவரைக் குளவி கொட்டும். இதை எண்ணாமல் அவர் முதல்நாள் மேட்டிலிருந்து பாய்ந்து வந்தார். கொழுந்து பறித்த பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டு ஓடினர். அவர்களை மேய்க்கும் கங்காணி அவர்களுக்கும் முன்னால் ஓடினார். அவர்களோடு ஓடிவந்து தார்ச்சாலையில் மூச்சிரைக்க நின்ற என் தாயார் கேட்டார்:

"தம்பி, குளவி எங்க?"

"குளவியா? நான் மரதனுக்குப் பழகுறேங்க்கா. நீங்க நல்லா ஓடுறீங்க."

சொல்லியபடியே அவர் வளைவில் மறைந்தார். சிந்திய கொழுந்தைப் பொறுக்க அன்று மாலையாகிவிட்டது. கங்காணி தீர்ப்பு வழங்கினார்: இனி மலையில் ஓடுவதானால், தூரத்தில் வரும்போதே 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று கத்திக்கொண்டு வரவேண்டும். அவரும் மழையிலும் பனியிலும் கத்திக்கொண்டே ஓடினார். பெயர் ஒட்டிக்கொண்டது. நாளடைவில் அவர் வருகைக்கு எவரும் தலை நிமிர்த்துவதும் நின்றுபோனது.

இரண்டாம் மரதனுக்குச் சில நாட்களே இருந்தன. மேட்டுப் பாறையில் தொங்கிய குளவிக்கூடு காற்றில் பிய்ந்து விழுந்ததை, அந்த வழியே ஓடிவந்த அவர் ஒருவர்தான் கண்டார். "குளவி, ஓடுங்க" என்று அலறியபடி கீழே பாய்ந்தார். பெண்கள் கொழுந்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

"இத்தன நாளா ஒண்ணுமில்ல. இன்னைக்குப் பாட்ட மாத்திட்டாரு" என்றார் என் தாயார். மலை முழுதும் சிரித்தது.

அவர் அவர்களைக் கடந்து கடைசி வரிசைக்கு வந்துவிட்டார். எதிரே தார்ச்சாலை. அவர் வேகத்துக்கு எந்தக் குளவியும் அவரை எட்டியிராது. ஓட்டம் காத்திருந்தது, கால்கள் ஆயத்தமாயிருந்தன. திரும்பிப் பார்த்தார். ஒரு பெண்கூட அசையவில்லை.

அவர் நின்றார்.

சாவு வீட்டில் நில்லாத மனிதர், தேயிலைச் செடிகளின் நடுவே, இரு கால்களையும் மண்ணில் ஊன்றி, வாய் பேசாமல் நின்றார். தற்செயலாக நிமிர்ந்த என் தாயாரின் முகம் வெளுத்தது.

"அடியே, அவரு நின்னுட்டாருடி."

அவ்வளவுதான். கூடைகள் பறந்தன. அனைவரும் ஓடினர், முழங்கால் வலிக்காரி ஒருத்தியைத் தவிர. அவர் மேட்டை நோக்கித் திரும்பி நடந்தார். தம் மேற்சட்டையைக் கழற்றி அவளைத் தலையோடு போர்த்தி, கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தார். கொட்டு அத்தனையும் அவர் முதுகுக்கே போயிற்று.

கொழும்பில் மரதன் நடந்த காலையில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பெண்கள் அனைவரும் பார்க்கப் போயிருந்தார்கள்; நானும் உடன் போனேன். அரிய நன்றியுரை ஒன்றை வழியெல்லாம் தொகுத்து வைத்திருந்தேன். வீங்கி மூடிய அந்தக் கண்களைக் கண்டதும் அதை விட்டுவிட்டு அவர் போர்வையைச் சரிசெய்தேன். போர்வைக்குள் அவர் கால்கள் மட்டும் மெல்ல மெல்ல மாறி மாறி அசைந்தன.

என் தாயார் அந்தப் பாதங்களின் மீது கையை வைத்தார்.

"இனிமேலும் ஓடுவீங்களா தம்பி?"

தடித்த உதடுகளைச் சிரமப்பட்டுத் திறந்து, வார்டு முழுவதற்கும் கேட்கும்படி அவர் சொன்னார்:

"ஓடுவேங்க்கா. ஆனா ஒங்க மலைக்கு வந்தா, நின்னு ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் போவேன்."