பயில்வானின் சாம்பிள்

"மாப்ள, உன் உடம்பு இரும்புதானே?"

"எஃகு, மாமா. தட்டிப் பாருங்க."

"தட்டறதெல்லாம் வேணாம். உன்கிட்டேர்ந்து எனக்குக் கொஞ்சம் வேணும்."

"என்ன வேணும்?"

"குனி, காதுல சொல்றேன்."

மைத்துனனோடு பேசிய இந்தப் பேச்சைத்தான் பிளம்பர் இப்போது தன் கடையின் கழிவறையைத் தாழிட்டுக்கொண்டு நினைத்துப் பார்த்தார். கையிலிருந்த போனில், குடல் புற்றுநோய்ப் பரிசோதனை மையம் அனுப்பிய செய்தி: 'உங்கள் மாதிரியில் இரத்தத் தடயம் உள்ளது. மேற்பரிசோதனைக்கு வரவும்.'

'உங்கள்' என்று போட்டிருந்தார்கள். வம்பே அதில்தான்.

ஐம்பது வயது ஆனவர்களுக்கெல்லாம் அந்த மையம் வீட்டுக்கே ஒரு பொட்டலம் அனுப்பிவந்தது. உள்ளே விரல் அளவுக் குழாய். அதன் மூடியோடு சேர்ந்து ஒரு குச்சி. குச்சியால் மலத்தைத் தொட்டு, குழாய்க்குள் விட்டு மூடித் தபாலில் போட்டால் போதும். ஊசி இல்லை, வலி இல்லை. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

பிளம்பரோ ஊரார் கழிவறைகளில் தோள் வரை கையை விடுகிறவர். ஒரு வீட்டு அடைப்பிலிருந்து பல்செட்டை எடுத்து, கழுவி, சிரித்த முகமாக உரியவரிடம் நீட்டியவர். ஆனால் தன்னுடையதைத் தானே குச்சியால் தொட வேண்டும் என்றதும் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"அடுத்தவங்களோடதுன்னா அது வேலை. என்னோடதுன்னா அசிங்கம்" என்றார் மனைவியிடம்.

"வியாதிகிட்டயும் அசிங்கம், கிட்ட வராதேன்னு சொல்லிப் பாருங்க" என்றாள் மனைவி. அவரைவிட இரண்டு வயது இளையவள். கடையில் போன் எடுப்பது, எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று கேட்டு அவரை அனுப்புவது எல்லாம் அவள்தான். அன்றிலிருந்து காலை டீயோடு கேள்வியும் சேர்ந்து வந்தது. "பண்ணிட்டீங்களா?"

தொல்லை தாங்காமல் குழாயைக் காலியாகவே அனுப்பினார். 'மாதிரி இல்லை' என்று புதுக் குழாய் வந்தது. அடுத்த முறை பூந்தொட்டி மண்ணைக் கொஞ்சம் குழைத்து அனுப்பினார். 'இது மண் போலத் தெரிகிறது' என்று மையம் மரியாதையாக எழுதி, இன்னொரு குழாயை அனுப்பியது. இந்த முறை மனைவி கழிவறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நீ உட்கார்ந்திருந்தா எனக்கு எப்படி வரும்? கடையிலேயே போய்க்கிறேன்" என்று குழாயைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், நேரே அவள் தம்பியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனார். தெருவே அவனைப் பயில்வான் என்றுதான் கூப்பிடும். காதில் விஷயத்தைக் கேட்டதும் பயில்வான் மார்பைத் தடவிக்கொண்டான்.

"இவ்வளவுதானே? நானே பண்ணித் தபால்ல போட்டுடறேன். அக்காவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் தொலைச்சுடுவா."

இப்போது அந்த எஃகில் துரு.

சொன்னால் மனைவியிடம் மாட்ட வேண்டும். சொல்லாவிட்டால் மைத்துனன் உயிருக்கு ஆபத்து. ஒரு முடிவுக்கு வர முடியாமல் மாலையில் கூடத்துக்குப் போய், பயில்வான் கையிலிருந்த எடையைப் பிடுங்கிக் கீழே வைத்தார்.

"கனமா தூக்காத, மாப்ள."

"என் பொழப்பே அதுதான் மாமா."

பிளம்பர் ஓர் ஆரஞ்சை உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாக அவன் வாயில் வைத்தார். "நல்லா தூங்குறியா? வயிறு கியிறு வலிக்குதா?"

பயில்வான் மெல்லுவதை நிறுத்தினான். "மாமா, மறுபடி ஏதாவது சாம்பிள் வேணுமா?"

வீட்டுக்கு வந்தால் மனைவி மேசையருகே உட்கார்ந்திருந்தாள். மையத்தின் செய்தி கடைப் போனுக்கும் போயிருந்தது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"புதன்கிழமை வரச் சொல்றாங்க" என்றாள். டம்ளரை எடுத்தவள், குடிக்காமலே கீழே வைத்தாள்.

என் மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று அவருக்கு நெஞ்சை அடைத்தது. அந்த அடைப்பை எடுக்க அவர் பெட்டியில் கருவி இல்லை.

"உன் தம்பியும் வரட்டும்" என்றார். "ஒரு தெம்புக்கு."

புதன்கிழமை நர்ஸ் மூவரையும் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்.

"ரத்தம்னா உடனே கேன்சர்னு அர்த்தம் இல்ல. மூல வியாதியாக்கூட இருக்கலாம். உள்ள சின்னச் சதை வளர்ந்திருந்தா, கேமரா விடும்போதே வெட்டி எடுத்துடுவாங்க. பின்னாடி அது கேன்சரா மாறாம தடுத்துடலாம். வந்தது நல்லதாப் போச்சு."

"கேமராவா?" பிளம்பருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "எத்தனை மில்லிமீட்டர்? முனையில லைட் இருக்கா? வளைவுல சிக்காதே? எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. நாலு மாடிக் குழாய்ல விட்டிருக்கேன்."

"உங்களோடதைக் கொண்டு வர வேணாம், சார். எங்களோடதே இருக்கு" என்றார் நர்ஸ். "இந்தப் பக்கம் வாங்க. முதல்ல உங்களைப் பத்திச் சில கேள்வி கேக்கணும்."

பிளம்பர் எழுந்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட்டார்.

"நர்சம்மா, அது என்னோடது இல்ல. இவனோடது. நான்தான் ஏமாத்திட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, முதல்ல இவனைப் பாருங்க. மாப்ள, என்னை மன்னிச்சுடுடா."

பயில்வானின் வாய் திறந்தது. அந்த ஆரஞ்சுச் சுளைகளெல்லாம் எதற்கு என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஐயோ மாமா, என்னோடதும் இல்ல. மூடியைத் திறந்ததுமே எனக்கு வாந்தி வந்துடுச்சு. குழாயை அக்காகிட்டயே குடுத்து, 'மாமாவை நீயே மிரட்டிப் பண்ண வை'ன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்."

"அப்படின்னா உனக்கு முதல்லேயே தெரியுமா?" என்று மனைவியிடம் கேட்டார் பிளம்பர். "தெரிஞ்சும் என்னை ஏன் திட்டல?"

அவள் மடியிலிருந்த பையின் வாரை முறுக்கினாள். அவிழ்த்தாள். மறுபடி முறுக்கினாள். எழுந்து நின்றபோது பார்வை நர்ஸ் மேல் இல்லை, தம்பி மேலும் இல்லை.

"அதுல இருந்தது என்னோடதுங்க. ரொம்ப நாளா ரத்தம் போகுது, தனியா வரப் பயம், நீங்க பண்ணினா எனக்கும் தைரியம் வரும்னுதான் உங்களைப் பண்ணுங்க பண்ணுங்கன்னு துரத்தினேன். என்கூட உள்ள வாங்களேன்."