பின்சக்கரக் கூட்டில் உடைந்த ஐந்து போல்ட்டுகள் குறித்துச் சம்பந்திக்கு எழுதியது

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாளும் நலம். அங்கே நீங்களும் வீட்டில் அனைவரும் நலமென்றே நம்புகிறேன். நீங்கள் இரவல் கொடுத்த பிக்கப் வண்டியும் நலம். இந்தக் கடைசி நலத்தைப் பற்றித்தான் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் நடுவில் பேசிவிடுவீர்கள். ஆகவே உங்கள் மகன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டு, கோபப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

புதன்கிழமை பிள்ளைகளின் புது வீட்டில் அலமாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் கடகடவென்று சத்தம். வேறு யாராவது என்றால் ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் நாற்பத்தொரு வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவன், சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதோடு, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, உங்கள் பட்டறையிலிருந்து நாற்பது பெஞ்சு இந்த வண்டியில்தான் போகவேண்டும் என்று சாவியைக் கொடுக்கும்போது நீங்கள் இரண்டு முறை சொன்னது காதிலேயே நின்றது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, முதல் முறையாக ஒரு பொருளை இரவல் வாங்கி, அதைப் பழுதோடு திருப்பிக் கொடுத்தால் பெண்ணைப் பெற்றவன் எப்படி உங்கள் வாசலில் நிற்பது?

“அப்பா, அது மாமா வண்டிப்பா. ஒரு மெக்கானிக்கக் கூப்பிடுங்க. நீங்க தொட்டு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த முகத்தோட அங்க போறது?” என்றாள் மகள்.

“பல்சக்கரம்னா எல்லாம் ஒண்ணுதாம்மா. சின்னது பெருசுதான் வித்தியாசம்” என்றேன். இந்த வாக்கியத்தை அவள் இதுவரை நான்கு முறை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டாள்.

இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்புக் கூடு தொங்குகிறதே, டிஃபரன்ஷியல், அதைத் திறந்தேன். எண்ணெய் மை போல் கறுத்துப் போயிருந்தது. உள்ளே ஒரு தட்டு அகலத்துக்குப் பல்சக்கரம், அதைப் பிடித்திருக்கும் பத்து போல்ட்டில் இரண்டுக்குத் தலையே இல்லை. சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மீதி எட்டையும் கழற்றினால் சக்கரத்தை வெளியே எடுத்துவிடலாம். என் கைபட்ட மிகப் பெரிய திருகாணி அதுவரை கடுகு அளவுதான், ஆகவே தம் பிடித்துத் திருப்பினேன். டொக் என்றது. கழன்றுவிட்டது என்று அடுத்ததற்குப் போனேன். அதுவும் டொக். மூன்றாவது டொக்கில்தான் பார்த்தேன், கையோடு வந்தவை மூன்றும் வெறும் தலைகள், உடல்கள் உள்ளேயே இருந்தன. உங்கள் வண்டி எனக்கு இரண்டு உடைந்த போல்ட் கொடுத்தது, நான் அதை ஐந்தாக்கினேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அடுத்த தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அம்மாள், எங்கள் பேட்டையில் லேத்தம்மா என்றுதான் பெயர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தார்.

“எந்தப் பக்கம் திருப்புனீங்க?”

“கழட்டுற பக்கம்தான்.”

“இது இடது மரை சார். ஊர்ல இருக்கிற போல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பணும். நீங்க கழட்டவே இல்ல, உசுரக் குடுத்து முறுக்கியிருக்கீங்க.”

எனக்குக் காது மடல் வரை சூடேறியது. ஏனென்றால், சம்பந்தி, கைக்கடிகாரத்துக்குள்ளும் இப்படி ஓர் இடது மரைத் திருகாணி உண்டு. தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் வாரத்தில் அதைத்தான் உடைப்பார்கள், நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! ஆனால் லாரி ஜாதி வண்டிக்கு இவ்வளவு நுணுக்கம் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. என் தொழிலுக்கு மட்டும்தான் புத்தி உண்டு என்கிற கர்வம், வேறென்ன.

ஆனால் அந்த இடது மரையே கடைசியில் கைகொடுத்தது. நான் கடிகாரம் பழுது பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, உடைந்த துண்டு ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் புள்ளி குத்தினேன். லேத்தம்மா அந்தப் புள்ளியில் துளை போட்டார். துளைபோடும் ஊசி சுற்றுகிற பக்கமும் அந்த மரை கழலுகிற பக்கமும் ஒன்று. பாதி துளைக்குள் துண்டு தானாகவே சுழன்று வெளியே எட்டிப் பார்த்தது. ஐந்தும் அப்படியே வந்தன, மரைக்கு ஒரு கீறல் இல்லை. “இவ்ளோ சரியா நடுப்புள்ளி குத்துற ஆள நான் பாத்ததில்ல சார்” என்றார் லேத்தம்மா. ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் இப்படிப் பாராட்டவில்லை. அன்று எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது, சொல்வதற்கென்ன.

பத்துக்கும் புது போல்ட் வாங்கித் தந்து, “மாட்டும்போது ஒரு குரல் குடுங்க, வந்து பாக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டு வாங்கியவன் குரல் கொடுப்பானா? பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இடப்பக்கத்தது இடப்பக்கம், வலப்பக்கத்தது வலப்பக்கம் என்று வரிசையாக வைத்து, தூசு படாமல் டம்ளர்களைக் கவிழ்த்து மூடினேன். கடிகாரக்காரன் வழக்கம் அது. வீட்டிலிருந்த டம்ளர் அத்தனையும் மேசைக்குப் போனதால் இரண்டு நாள் கிண்ணத்தில்தான் தண்ணீர் குடித்தோம். “ஏங்க, வர்றவங்களுக்கு நான் எதுல காப்பி குடுக்கிறது?” என்று உங்கள் சம்பந்தியம்மாள் கேட்டதற்கு, யாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன்.

இன்று ஞாயிறு காலை எல்லாவற்றையும் மாட்டி, புது எண்ணெய் ஊற்றி, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கியர் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கேட்டேன். ஒரு சின்னச் சத்தம்? கிடையாது! மகளும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “பரவால்லப்பா” என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. வாங்கியதைவிட நல்ல நிலையில், சொன்ன நாளில், சாயங்காலத்துக்குள் வண்டி உங்கள் வாசலில் நிற்கும். இது உறுதி.

பிள்ளைகள் இருவரும் புது வீட்டில் சிரித்த முகத்தோடு நீடூழி வாழ உங்கள் ஆசியும் எங்கள் ஆசியும் சேர்ந்தே இருக்கட்டும். வீட்டில் அம்மாவுக்கு எங்கள் இருவர் வணக்கத்தையும் சொல்லவும்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் தெருவில் ஒரு சுற்றுப் போய்வரலாமென்று வண்டியை எடுத்தேன். முதல் கியர் போட்டால் பின்னே போகிறது. இரண்டாவதில் இன்னும் வேகமாகப் பின்னே போகிறது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் முன்னே வருகிறது, அதுவும் அலறிக்கொண்டு. உங்கள் சம்பந்தியம்மாள் இப்போதுதான் சொல்கிறாள், பெருக்குவதற்காக வெள்ளிக்கிழமை மேசையை நகர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டாளாம், நான் வைத்த இடப்பக்கம் வலப்பக்கமாகிவிட்டது. லேத்தம்மா சிரித்து முடித்துவிட்டார். உங்கள் வாசலிலேயே கழற்றி, இடம் வலம் மாற்றி, பெஞ்சு ஏற்றுவதற்குள் மாட்டித் தருவதாகச் சொல்லி, கருவிப் பெட்டியோடு ஸ்கூட்டரில் கூடவே வருகிறார். நான் இரண்டாவது கியரில் ஓட்டுகிறேன், சம்பந்தியம்மாள் பின்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வழி சொல்கிறாள். ஆகவே தெருமுனையில் வண்டியின் பின்புறம் தெரிந்தால், கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். நாங்கள் உங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறோம்.